சூடும் வறட்சியும் சேர்ந்தால் எந்தச் சவ்வு? ஹைட்ரஜன் ஃபியூயல் செல்லுக்கு நான்கு வழிகள்

இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் எம்.டெக். மாணவர். கையில் ஆறு மாதம், ஒரு புட்டி நாஃபியான் (அமிலக் குழுக்கள் உள்ள ஃபுளோரின் பாலிமர், சவ்வு செய்ய உதவுவது) கரைசல், கொஞ்சம் சிலிகா தூள். வழிகாட்டியோ 120 டிகிரியில் ஓடுகிற கூட்டுச் சவ்வு (பாலிமரோடு வேறு பொருள் சேர்ந்தது) வேண்டும் என்கிறார். இன்னொருவர் லாரியில் ஃபியூயல் செல் பொருத்திப் பார்க்கும் சிறு நிறுவனத்தில் வேலை செய்பவர். மே மாத வெயிலில் ரேடியேட்டர் திணறுகிறது, கலத்தைச் சூடாக ஓட்டினால் சவ்வு காய்ந்து வோல்டேஜ் விழுகிறது, எதை வாங்கினால் தப்பிக்கலாம் என்று கேட்கிறார்.

தொந்தரவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் பதில் ஒன்றல்ல. அதனால்தான் இந்த ஒப்பீடு. ஃபியூயல் செல் (கலம் என்றும் சொல்வேன்) ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தருகிறது; அந்த இரண்டையும் பிரித்துவைத்து, புரோட்டானை மட்டும் கடத்திவிடும் மெல்லிய படலம்தான் சவ்வு.

முதலில், சூடாக ஓட்டியே ஆக வேண்டுமா? டீசல் எஞ்சினின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். ஃபியூயல் செல்லிலிருந்து வெளியேறும் காற்று 80 டிகிரிதான். அதோடு போகிற வெப்பம் சொற்பம், மீதி முழுவதையும் ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும். வெளியே 42 டிகிரி, உள்ளே குளிர்நீர் 80 டிகிரி என்றால் இடைவெளி வெறும் 38. குளிர்நீரை 95-க்கு ஏற்றினால் இடைவெளி 53, அதே வெப்பத்துக்கு ரேடியேட்டர் முக்கால்வாசிக்கும் குறைவாகப் போதும். 120-க்கு ஏற்றினால் பாதி போதும். கணக்கில் அழகாக இருக்கிறது. ஆனால் சவ்வுக்குள் புரோட்டான் போவதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான். சூடு ஏற ஏற அந்தத் தண்ணீர்தான் முதலில் கிளம்புகிறது.

## எதை வைத்து அளப்பது

ஆய்வுக் கட்டுரைகளில் எப்போதும் முன்னால் நிற்கும் எண் கடத்துதிறன். நான் அதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கலத்துக்குத் தெரிவது கடத்துதிறன் அல்ல, பரப்பு மின்தடை. அதாவது தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால் வருவது. அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் இலக்கு 0.02 ஓம் ச.செ.மீ. ஒரு ச.செ.மீ.க்கு 1 ஆம்பியர் எடுக்கும்போது சவ்வில் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் வீணாகக் கூடாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

1991-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு சமன்பாட்டை இன்றும் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். அதில் போட்டுப் பார்த்தால் நாஃபியானின் கடத்துதிறன் 80 டிகிரியில், முழு ஈரத்தில், செ.மீ.க்கு 0.12 சீமென்ஸ் வருகிறது. ஈரப்பதம் 30% ஆனால் 0.02 தான். ஆறில் ஒரு பங்கு. முழு ஈரத்தில் ஒவ்வொரு அமிலக் குழுவுக்கும் 14 தண்ணீர் மூலக்கூறு துணைக்கு இருந்தது, இப்போது மூன்றுகூட இல்லை.

அந்த 0.02-ஐ வைத்துக்கொண்டு தடிமனை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

| தடிமன் | பரப்பு மின்தடை (ஓம் ச.செ.மீ.) | 1 ஆம்பியரில் இழப்பு |
|---|---|---|
| 183 மைக்ரான் (நாஃபியான் 117) | 0.92 | 920 மி.வோ. |
| 50 மைக்ரான் | 0.25 | 250 மி.வோ. |
| 25 மைக்ரான் | 0.125 | 125 மி.வோ. |
| 10 மைக்ரான் | 0.05 | 50 மி.வோ. |

முதல் வரிசையில் கலத்தின் மொத்த வோல்டேஜும் காலி. இப்போது நம் மாணவர் சிலிகா கலந்து, கடத்துதிறனை இரண்டு மடங்காக்கி, 80 மைக்ரான் படலம் ஊற்றுகிறார் என்று வையுங்கள். அவருக்குக் கிடைப்பது 0.2 ஓம். எதுவுமே கலக்காத 25 மைக்ரான் சவ்வு இதைவிட நன்றாக ஓடும். ஆனாலும் கட்டுரையில் "இரு மடங்கு முன்னேற்றம்" என்று எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள்.

இன்னும் மூன்று அளவுகோல்கள் உண்டு. ஹைட்ரஜன் கசிவு: எதிர்ப்பக்கம் ஊடுருவும் ஹைட்ரஜனை மின்னோட்டமாகக் கணக்கிட்டால் ச.செ.மீ.க்கு 2 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். தடிமன் பாதியானால் கசிவு இரட்டிப்பாகும், ஆகவே மெலிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஆயுள்: 80 டிகிரியில் இரண்டு நிமிடம் வறண்ட காற்று, இரண்டு நிமிடம் ஈரக் காற்று என்று 20,000 சுற்று தாங்குவது ஒரு சோதனை, 90 டிகிரியில், 30% ஈரப்பதத்தில், மின்னோட்டம் எடுக்காமல் 500 மணி நேரம் நிறுத்தி வைப்பது இன்னொரு சோதனை. இரண்டாவதுதான் கொடூரம். சூடும் வறட்சியும் சேரும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் (எதையும் தாக்கும் மூலக்கூறுத் துண்டுகள்) பாலிமர் சங்கிலியைக் கடித்துத் துப்பும். கடைசி அளவுகோல், கையில் கிடைக்கிறதா என்பது. செய்ய முடியுமா, வாங்க முடியுமா, ஐந்து வருடம் கழித்தும் விற்பார்களா.

## சவ்வுக்கு முன் தண்ணீர்க் கணக்கு

இதைப் போடாமல் சவ்வைத் தேர்ந்தெடுப்பது, கிணற்றில் ஊற்று இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டார் வாங்குவதுபோல.

கலம் தன் தண்ணீரைத் தானே தயாரிக்கிறது. முழுக்க வறண்ட காற்றைத் தேவைக்கு இரு மடங்கு உள்ளே விட்டால், வெளியேறும் காற்றில் ஏறத்தாழ 19% நீராவி இருக்கும். அந்த நீராவி எவ்வளவு ஈரப்பதம் தருகிறது என்பது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்தது. 80 டிகிரியில் காற்று நிறைவடைய 0.47 பார் நீராவி போதும், 95-இல் 0.85 பார் வேண்டும், 120-இல் கிட்டத்தட்ட 2 பார். கணக்குப் போட்டால் வெளியேறும் இடத்தில் ஈரப்பதம் இப்படி வருகிறது:

| கலத்தின் வெப்பநிலை | 1.5 பார் மொத்த அழுத்தம் | 2.5 பார் மொத்த அழுத்தம் |
|---|---|---|
| 80 டிகிரி | 60% | 100% |
| 95 டிகிரி | 34% | 56% |
| 120 டிகிரி | 14% | 24% |

இது வெளியேறும் இடத்துக் கணக்கு. உள்ளே நுழையும் மூலையில் நிலைமை இன்னும் மோசம்.

கடைசி வரிசையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 120 டிகிரியில் 50% ஈரப்பதம் என்று ஒரு காலத்தில் இலக்கு வைத்தார்கள். அதற்கு நீராவி மட்டுமே ஒரு பார் வேண்டும். அந்த நீராவியை வெளியிலிருந்து கொண்டுவர ஒரு கொதிகலனும் தண்ணீர்த் தொட்டியும் லாரியில் ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே தண்ணீரை நம்பும் எந்தச் சவ்வாக இருந்தாலும் 120 என்பது வீண் பிடிவாதம் என்பது என் கருத்து. 95-ஐச் சுற்றித்தான் உண்மையான போட்டி நடக்கிறது.

அழுத்தமும் இலவசமாக வராது. 40 டிகிரிக் காற்றை 2.5 பாருக்கு அழுத்த, 70% திறனுள்ள அழுத்தி 100 கிலோவாட் கலத்திடமிருந்து ஏறத்தாழ 15 கிலோவாட்டை உறிஞ்சும். 1.5 பார் என்றால் 6 கிலோவாட். வெளியேறும் காற்றில் ஒரு டர்பைன் வைத்தால் கொஞ்சம் மீளும். இன்னொரு எளிய வழி, காற்றின் அளவைக் குறைப்பது. இரு மடங்குக்குப் பதில் ஒன்றரை மடங்கு விட்டால், 95 டிகிரியில், 2.5 பாரில், 56% என்பது 73% ஆகிவிடும். அழுத்தி இழுக்கும் மின்சாரமும் குறையும். சவ்வை மாற்றாமலேயே. விலை என்னவென்றால், ஆக்சிஜன் பற்றாமல் கடைசி மூலை திணறும்.

சரி, இப்போது சவ்வுகளுக்கு வருவோம்.

## வழி 1: மெல்லிய, வலை கோத்த ஃபுளோரின் சவ்வு

கூட்டுச் சவ்வு என்றதும் பலருக்கு நானோ தூள்தான் நினைவுக்கு வருகிறது. சந்தையில் ஓடுகிற கூட்டுச் சவ்வு அதுவல்ல. இழுத்து விரித்த டெஃப்லான் வலைக்குள் அயனிப் பாலிமரை ஊறவைத்ததுதான் அது. கோர் நிறுவனத்தின் கோர்-செலக்ட் இந்த வகை. வலிமையை வலை பார்த்துக்கொள்வதால் பாலிமரை 10 மைக்ரான் அளவுக்கு மெலிதாக்க முடிகிறது.

மெலிதாக்குவதில் இரண்டாவது லாபமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் உருவாவது காற்றுப் பக்கம், முதலில் காய்வது ஹைட்ரஜன் பக்கம். சவ்வு மெலிதாக இருந்தால் அந்தத் தண்ணீர் சட்டென்று இந்தப் பக்கம் ஊறி வந்துவிடும். 2014-இல் வந்த டொயோட்டா மிராய் வெளி ஈரப்பதமூட்டியையே தூக்கி எறிந்தது இப்படித்தான். மெல்லிய சவ்வு, ஹைட்ரஜனும் காற்றும் எதிரெதிராக ஓடும் ஏற்பாடு, ஹைட்ரஜனைச் சுழற்சியில் விட்டு அதோடு ஈரத்தையும் திருப்பிக் கொண்டுவருவது. அதிசயப் பொருள் எதுவும் அதில் இல்லை.

இதோடு சமான எடை (ஓர் அமிலக் குழுவுக்கு எவ்வளவு பாலிமர் என்ற கணக்கு) குறைந்த பாலிமரைச் சேர்க்கலாம். நாஃபியான் 117 என்ற பெயரில் உள்ள 11 அதன் சமான எடையான 1100-ஐக் குறிக்கிறது, 7 தடிமனை. எடை 800, 700 என்று இறங்கினால் அமிலக் குழுக்கள் நெருக்கமாகும், வறட்சியிலும் புரோட்டான் தாவ இடம் இருக்கும். அக்விவியான் போன்ற குட்டைப் பக்கச் சங்கிலி வகைகள் இதற்கு ஏற்றவை. 1980-களில் டௌ நிறுவனம் தொடங்கிய வேதியியலின் வாரிசு அது. நாஃபியான் 100 டிகிரியைத் தாண்டும்போதே குழையத் தொடங்கும், இவை அதைவிட மேலே தாக்குப்பிடிக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது கசிவு. கசிந்த ஹைட்ரஜன் எதிர்ப்பக்கம் போய் பெராக்சைடு ஆகி, அதிலிருந்து ரேடிக்கல் பிறக்கிறது. அதை அடக்க சீரியம் என்ற உலோகத்தை அயனியாகச் சேர்க்கிறார்கள். சீரியம் அயனி புரோட்டானின் இருக்கையில் உட்காருவதால் அளவு மிஞ்சினால் கடத்துதிறன் குறையும். போதாக்குறைக்கு அது ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்து, தேவையான இடத்தை வெறுமையாக்கிவிடும். டெஃப்லான் வலையும் மின்தடைதான். அது பிடித்துக்கொண்ட இடத்தில் புரோட்டானுக்கு வழியில்லை.

இரண்டாவது, எதிர்காலம். 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் எல்லா வகை பிஃபாஸ் பொருள்களையும் (எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள்) கட்டுப்படுத்த முன்மொழிந்தன. இந்தச் சவ்வுகளும் அந்தக் குடும்பம்தான். 2022 டிசம்பரிலேயே 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் பிஃபாஸ் தயாரிப்பிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. குறைந்த சமான எடைப் பாலிமரில் அவர்கள் முக்கியமானவர்களாக இருந்தார்கள். இன்று தடையேதும் இல்லையென்றாலும், பத்து வருடத் திட்டம் போடுகிறவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

## வழி 2: தூள் கலந்த நாஃபியான்

மாணவர் கேட்டது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

யோசனை பழையது. 1996-இல் ஜப்பானில் வதனபே குழு சவ்வுக்குள் நுண் பிளாட்டினத்தையும் சிலிகாவையும் வைத்தது. கசிந்து வரும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தில் சந்தித்துத் தண்ணீராகும், சிலிகா அதைப் பிடித்து வைக்கும். பகைவனையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் புத்திசாலித்தனம். அப்புறம் 2002 வாக்கில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 80 முதல் 140 டிகிரி வரை சிலிகா-நாஃபியான் சவ்வுகளை ஓட்டிப் பார்த்தார்கள். சிர்கோனியம் பாஸ்பேட் கலந்தவற்றையும் அங்கேதான் சோதித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த சுப்பிரமணியம் ஸ்ரீனிவாசன் இலங்கையில் பிறந்தவர், ஃபியூயல் செல் உலகின் மூத்த பெயர்களில் ஒன்று. சாதா நாஃபியான் காய்ந்து கிடந்த இடத்தில் தூள் கலந்தது ஓடியது. ஆனால் அன்று கையில் இருந்தது 125 மைக்ரான் நாஃபியான் 115. அந்தத் தடிமனில் எந்த முன்னேற்றமும் பெரிதாகத் தெரியும். இன்றைய போட்டி 10, 15 மைக்ரான் சவ்வோடு.

தூள் வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் சிலிகா, டைட்டானியா ஈரத்தைப் பிடிக்கும். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைப்பது வேறு, அதைப் புரோட்டானுக்குத் தருவது வேறு. பானைத் தண்ணீர் பானையிலேயே இருந்தால் பயிருக்கு என்ன பயன்? பத்து சதவீதம் சிலிகா போட்டால் அந்த அளவுக்குக் கடத்தும் இடமும் குறைகிறது. சிலிகாவின் மேல் சல்போனிக் அமிலக் குழுவை ஒட்டினால் இந்தக் குறை பெருமளவு தீரும். என் ஓட்டு அதற்குத்தான். சிர்கோனியம் பாஸ்பேட் தானே ஓரளவு கடத்தும், சவ்வையும் விறைப்பாக வைக்கும். பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் அபாரமாகக் கடத்தும், ஆனால் தண்ணீரில் கரையும். கலம் ஒருமுறை ஈரமாகி வடிந்தால் அமிலமும் வடிந்துவிடும். சீசியம் உப்பாக்கியோ சிலிகாவோடு பிணைத்தோ நிறுத்தினால்தான் உண்டு. கிராஃபீன் ஆக்சைடு கசிவைக் குறைக்கும், தகடாக இருப்பதால் புரோட்டானின் வழியையும் சுற்றவைக்கும். சூடான ஹைட்ரஜனில் அது ஆக்சிஜனை இழந்து எலக்ட்ரான் கடத்தத் தொடங்கினால் கலம் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் பெட்ரி தட்டில் இருக்கிறது. நான் முதன்முதலில் ஊற்றிய சிலிகா படலம் பார்க்க அம்சமாக இருந்தது. இரவெல்லாம் உலர்த்தும் அடுப்பில் காய்ந்து, காலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் அப்பளம்போல உரிந்து வந்தது. நான்கு முனை அளவியில் நீளவாக்கில் அளந்தேன், எண்கள் மணியாக இருந்தன. கலத்தில் பொருத்தினால் மின்தடை இரண்டு மடங்கு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: மேல்பக்கம் பளபளப்பு, கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கல். காய்கிற நேரத்தில் தூள் முழுக்க அடியில் உட்கார்ந்துவிட்டது. நீளவாக்கில் மின்னோட்டம் பளபளப்பான பாதியைத் தேடிக்கொண்டது; குறுக்காகப் போகும்போது மங்கல் அடுக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கலத்தில் புரோட்டான் போவது குறுக்காக. அதற்குப் பிறகு நீளவாக்கு அளவை மட்டும் கொடுத்திருக்கும் கட்டுரையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கை நடுங்கும்.

இந்த வழி எப்போது நல்லது? வலை கோத்த 15 முதல் 25 மைக்ரான் சவ்வுக்குள், அமிலக் குழு ஒட்டிய தூளை 3 முதல் 5 சதவீதம் மட்டும் சேர்த்து, கடைசி கொஞ்சத்தை எட்டிப் பிடிக்க. அதாவது முதல் வழியின் மேல் ஏறி நிற்கும்போது. தனியாக நின்றால் அல்ல.

## வழி 3: ஃபுளோரின் இல்லாத ஹைட்ரோகார்பன் சவ்வு

ஃபியூயல் செல் சவ்வு பிறந்ததே ஹைட்ரோகார்பனில்தான். 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்த ஜெனரல் எலக்ட்ரிக் கலங்களில் இருந்தது சல்போனேற்றிய (சல்போனிக் அமிலக் குழு ஒட்டிய) பாலிஸ்டைரீன். அது ரேடிக்கல்களிடம் தோற்றது, நாஃபியான் வந்தது.

இப்போது கல்லூரி ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை ஸ்பீக், அதாவது சல்போனேற்றிய பீக் பிளாஸ்டிக். பீக் பாலிமரை அடர் கந்தக அமிலத்தில் கரைத்துக் கிளறி, ஐஸ் தண்ணீரில் ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரளும். கழுவிக் கழுவி அமிலம் போனதும் கரைத்து ஊற்ற வேண்டியதுதான். மலிவு, ஃபுளோரின் இல்லை, ஹைட்ரஜன் கசிவும் நாஃபியானைவிடக் குறைவு. ஒரு எச்சரிக்கை: கரைப்பானாக டிஎம்எஃப் போட்டால் சூட்டில் அது சிதைந்து, வரும் அமீன் அமிலக் குழுவைக் கட்டிப்போடும். பிறகு கடத்துதிறன் ஏன் குறைந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

வறட்சி என்று வந்தால் இதன் சாயம் வெளுக்கும். நாஃபியானில் ஃபுளோரின் முதுகெலும்பு தண்ணீரை வெறுத்து ஒதுங்குவதால் தண்ணீருக்குத் தெளிவான, அகலமான கால்வாய்கள் கிடைக்கின்றன. ஸ்பீக்கில் கால்வாய்கள் குறுகல், பல இடங்களில் முட்டுச்சந்து. அமிலமும் வலு குறைந்தது. ஈரம் குறையும்போது நாஃபியான் நடக்கிறது என்றால் ஸ்பீக் தவழ்கிறது. சரி, சல்போனேற்றத்தைக் கூட்டுவோம் என்றால் சூடான தண்ணீரில் ஊதிப் பெருத்து, கொஞ்சம் மிஞ்சினால் கூழாகிவிடும். அந்தக் கூழை பீக்கரிலிருந்து வழித்துப் போட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும், எனக்கு இரண்டு முறை. உலர்ந்தால் நொறுங்கும் குணமும் உண்டு, 20,000 சுற்றுச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

ஈதர் பிணைப்பே இல்லாத சல்போனேற்றிய பாலிஃபினைலீன் வகைகள் இந்தக் குடும்பத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகள். கனடாவின் அயனோமர் நிறுவனம் பெமியான் என்ற பெயரில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. ரேடிக்கல் கடிக்க எளிதான பிணைப்பு அதில் இல்லை. பிஃபாஸ் தடை வரும் என்று அஞ்சுகிறவர்கள் பார்த்து வைக்க வேண்டிய பக்கம் இது.

80 டிகிரி, நல்ல ஈரம், கசிவு குறைவாக இருக்க வேண்டும் என்ற நிலைமைக்கு இது சரி. 95 டிகிரி, 30 சதவீதத்துக்கு இன்று நான் கைநீட்டிக் காட்ட மாட்டேன்.

## வழி 4: தண்ணீரே வேண்டாம், பாஸ்போரிக் அமிலம்

பாலிபென்சிமிடசோல், சுருக்கமாக பிபிஐ. தீயணைப்பு வீரர்களின் உடையில் இருக்கும் அதே பாலிமர். அதைப் பாஸ்போரிக் அமிலத்தில் ஊறவைத்தால் அமிலத்தின் வழியாகவே புரோட்டான் தாவும், தண்ணீர் தேவையில்லை. 1995-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. பிறகு பிஏஎஸ்எஃப் செல்டெக் என்ற பெயரில் விற்றது. ஓடுவது 160 முதல் 180 டிகிரியில். ரேடியேட்டர் பிரச்சினையே இல்லை. ஹைட்ரஜனில் ஒரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் தாங்கும்; 80 டிகிரிக் கலம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கே மூச்சுத் திணறும்.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் இதற்கு மாறவில்லை? பாஸ்பேட் பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது. காற்றில் ஓடும்போது ச.செ.மீ.க்கு 0.2 ஆம்பியரில் ஏறத்தாழ 0.65 வோல்ட். அதே வோல்டேஜில் வழி 1 சவ்வு 1 ஆம்பியருக்கு மேல் தரும். ஆகவே கலம் ஐந்து மடங்கு பெரிதாகும், பிளாட்டினமும் கூடும். இன்னொன்று, 100 டிகிரிக்குக் கீழே திரவத் தண்ணீர் சேர்ந்தால் அமிலத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு முறையும் முதலில் சூடாக்கி, பிறகு மின்னோட்டம் எடுத்து, நிறுத்தும்போது ஈரத்தை விரட்டிவிட்டு நிறுத்த வேண்டும். காலையில் சாவியைத் திருப்பிக் கிளம்பும் லாரிக்கு இது ஒத்துவராது.

2016-இல் லாஸ் அலமோஸ் குழு காட்டிய அயனி-இணை வகை இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. அமிலத்தைக் குவாட்டர்னரி அம்மோனியம் குழு இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் 80 முதல் 160 டிகிரி வரை ஓடுகிறது. கவனிக்க வேண்டிய திசை, ஆனால் கடையில் போய் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நகராத, நிறுத்தாத வேலைகளுக்கு இது பொருத்தம்: தொலைபேசிக் கோபுரம், மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஜெனரேட்டர், கப்பல். நம் கடற்படை ஆய்வகம் நீர்மூழ்கிக்காக உருவாக்கிய காற்றுச் சாரா மின் அமைப்பும் பாஸ்போரிக் அமிலக் கலம்தான். 2021 மார்ச்சில் தரையில் ஓட்டிக் காட்டினார்கள். பிபிஐ அல்ல, அதன் பங்காளி.

## ஒரே பார்வையில்

| | மெல்லிய ஃபுளோரின் | தூள் கலந்த நாஃபியான் | ஹைட்ரோகார்பன் | பிபிஐ-அமிலம் |
|---|---|---|---|---|
| வசதியான வெப்பநிலை | 95 டிகிரி வரை | 95, குறுகிய நேரம் 110 | 80 | 160–180 |
| 30% ஈரத்தில் | நன்று | தடிமனைப் பொறுத்தது | மோசம் | கவலையில்லை |
| ஹைட்ரஜன் கசிவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் |
| அடிக்கடி நிறுத்தி ஓட்டுவது | தாங்கும் | தூள்-பாலிமர் எல்லையில் விரியலாம் | நொறுங்கும் அபாயம் | கூடாது |
| மறைந்த செலவு | சீரியம் நகர்வது, பிஃபாஸ் விதி | அடியில் உட்காரும் தூள், கரையும் அமிலம் | ஊதுதல் | பெரிய கலம், கூடுதல் பிளாட்டினம் |
| சொந்தமாகச் செய்ய | கடினம், வாங்குவது மேல் | எளிது | மிக எளிது | நடுத்தரம் |

## யாருக்கு எது

லாரிக்காரருக்கு: வழி 1, வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பாலிமர் தேடிப் போவதற்கு முன், காற்றின் அளவைக் குறைத்தும் அழுத்தத்தைக் கூட்டியும் 95 டிகிரியில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நாள் முழுக்க 95 வேண்டாம். ஏற்றத்தில் சுமையோடு ஏறும்போது மட்டும் 95, மற்ற நேரம் 75-80 போதும். வறண்ட சூட்டில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சவ்வின் ஆயுளில் பிடிக்கப்படும். வாங்கும்போது விற்பவரிடம் கடத்துதிறனைக் கேட்காதீர்கள். 95 டிகிரியில், 30% ஈரத்தில் பரப்பு மின்தடை எவ்வளவு, 500 மணி நேரச் சோதனைக்குப் பிறகு கசிவு எவ்வளவு, இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடை. உங்கள் ஹைட்ரஜன் மெத்தனாலிலிருந்து வருகிறதென்றால் மட்டும் கதை வேறு. அப்போது வழி 4, அதுவும் லாரியை ஓட்ட அல்ல, ஓய்வில்லாமல் பேட்டரியை நிரப்பிக்கொண்டிருக்க.

மாணவருக்கு: 120 டிகிரி என்று தலைப்பில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வழிகாட்டியிடம் மேலே உள்ள நீராவி அட்டவணையைக் காட்டுங்கள், அவரே 95-க்கு இறங்கி வருவார். அமிலக் குழு ஒட்டிய சிலிகா, 5 சதவீதத்துக்குள், முடிந்தால் விரித்த டெஃப்லான் வலையில் ஊறவைத்து. ஒப்பிடுவதற்குக் கடையில் கிடைக்கும் 25 மைக்ரான் நாஃபியான் 211, அதே தடிமனில் உங்களுடையது. செய்த சவ்வை 80 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் போட்டு, முன்னும் பின்னும் காயவைத்து எடை பாருங்கள். எடை குறைந்தால் ஏதோ கரைந்து போகிறது, அங்கேயே நிறுத்திவிட்டு யோசியுங்கள். மின்தடையைக் குறுக்காக அளந்து பாருங்கள், கலத்துக்குள்ளேயே.

தட்டில் ஊற்றும் அளவையும் சொல்லிவிடுகிறேன். 9 செ.மீ. பெட்ரி தட்டில் 25 மைக்ரான் வர 5% நாஃபியான் கரைசல் சுமார் 7 மி.லி. போதும். பார்க்கக் கொஞ்சமாகத் தெரிகிறதே என்று 20 மி.லி. ஊற்றினால் 70 மைக்ரானைத் தாண்டும், ஆறு மாதமும் அதிலேயே போகும். உரித்ததும் மைக்ரோமீட்டரில் ஐந்து இடத்தில் தடிமன் அளந்து, அந்த ஐந்து எண்களையும் எனக்கு எழுதுங்கள். கூடவே, கீழ்ப்பக்கம் மங்கலாக இருக்கிறதா என்றும்.